சித்தியின் நெத்திலியும் மச்சானின் டீக்கடையும்: ஷார்ட்ஸா, ரீல்ஸா?

கடலூர் முதுநகரில் என் சித்தி மீன் ஆய்ந்து கொடுக்கிறார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மச்சான் டீக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் வீடியோ எடுத்துப் போடும் வேலை என் தலையில். ஒரே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் போட்டுப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. எதில் போட்டால் வியூஸ் வரும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று காட்டும் வீடியோவுக்கு ஷார்ட்ஸ், 'வாங்க, வந்து சாப்பிடுங்க' என்று கூப்பிடும் வீடியோவுக்கு ரீல்ஸ். மச்சான் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு எல்லாமே ரீல்ஸ்தான்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடையானது. ஜூலையில் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் சோதனைக்கு வந்தது. இன்று இரண்டிலும் மூன்று நிமிட வீடியோகூடப் போடலாம். மீன் ஆய்வதற்கும் டீ ஆற்றுவதற்கும் மூன்று நிமிடம் எதற்கு? முப்பது விநாடி தாண்டினால் எடுத்த எனக்கே அலுத்துவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு முன்னால், 'வியூ' என்று எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. கட்டை விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். அதனால் திடீரென எண் ஏறியதைப் பார்த்து நம் வீடியோ தேறிவிட்டது என்று துள்ள வேண்டாம். நானும் துள்ளியவன்தான். ரீல்ஸிலும் வியூ என்பது கிட்டத்தட்ட இதே மாதிரிதான். நான் பார்ப்பது வேறு இரண்டு எண்களை. ஷார்ட்ஸில், எத்தனை சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்று அனலிடிக்ஸ் என்ற புள்ளிவிவரப் பக்கத்தில் காட்டும். ரீல்ஸில், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள் என்று காட்டும். இரண்டு செயலிகளின் குணமும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

முதலில் ஷார்ட்ஸ். அங்கே முதல் நொடியில் ஆள் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் நான் துறைமுகத்துப் படகுகளைக் காட்டி, "வணக்கம் நண்பர்களே, நாம இப்ப எங்க இருக்கோம்னா..." என்று தொடங்குவேன். பாதிப் பேருக்கு மேல் அந்த வணக்கத்திலேயே கிளம்பிவிட்டார்கள். ஒருநாள் சித்திக்குப் பொறுமை போய்விட்டது. "என்னத்தடா பேசிக்கிட்டே இருக்க? மீன காட்டு" என்றார். அன்றைக்கு எடுத்தது நெத்திலி. சித்தி ஒரு கையால் மீனைப் பிடித்து, கட்டை விரல் நகத்தால் தலையைக் கிள்ளி இழுக்கிறார். தலையோடு குடலும் நூல் மாதிரி சேர்ந்து வந்துவிடுகிறது. கத்தி இல்லை, அரிவாள்மணை இல்லை. கைப்பேசியை மீனுக்குக் கிட்டத்தில் வைத்து எடுத்தேன், பேச்சே இல்லை, அலுமினியச் சட்டியில் மீன் விழும் சத்தம் மட்டும். கடைசி மீன் விழும் இடத்தில் வெட்டி, முதல் மீன் கிள்ளும் இடத்தோடு ஒட்டினேன். எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டு மூன்று முறை பார்த்தார்கள். நின்று பார்த்தவர்கள் பங்கு அதுவரை நான் பார்க்காத உயரத்துக்குப் போனது.

அதே வீடியோ ரீல்ஸிலும் சுமாராக ஓடியது, மூன்று நாளில் அடங்கியது. ஆனால் ஏப்ரல் 15 வந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரையில் நின்றபோது நான் புதிதாக எதுவும் போடவில்லை. அந்த இரண்டு மாதமும் நெத்திலி ஷார்ட்ஸ் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. காரணம் தேடல். நெத்திலி வாங்கி வந்து சட்டியில் கொட்டிவிட்டு, இதை எப்படி ஆய்வது என்று யூடியூபில் தட்டுபவர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள். அதனால் தலைப்பில் 'செம்ம வைரல்' என்றெல்லாம் எழுதாமல், 'நெத்திலி சுத்தம் செய்வது எப்படி' என்று ஜனங்கள் கேட்கிற மாதிரியே எழுதுகிறேன்.

இப்போது மச்சான் கட்சி. அவர் கடைக்குத் தேடி வரும் கூட்டம் சனி, ஞாயிறு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவது. ஒயிட் டவுன் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்த கையோடு, அடுத்து எங்கே போகலாம் என்று கைப்பேசியைப் பார்ப்பவர்கள். இவர்களுக்கு ரீல்ஸ் வருவது பெரும்பாலும் நண்பர் அனுப்பித்தான்: 'பாண்டி போனா இங்க போலாம்டா'. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், ரீல்ஸ் பரவ முக்கியமானவை பார்க்கும் நேரம், லைக், அனுப்புதல் ஆகிய மூன்றும் என்றார். நம்மைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர அனுப்புதலே அதிகம் உதவும் என்றும் சொன்னார். மச்சான் இதையெல்லாம் படிக்காமலே செய்கிறார். ஆறு மணி பஜ்ஜி எண்ணெயில் உப்பும்போது எடுத்து, கடை இருக்கும் தெரு, விலை, எத்தனை மணிக்குத் தீரும் என்று திரையிலேயே எழுதி, வியாழன் இரவு போடுகிறார். வெள்ளிக்கிழமை அது குரூப் குரூப்பாகச் சுற்றும். இதையே ஷார்ட்ஸில் போட்டேன். திருநெல்வேலியிலும் மலேசியாவிலும் பார்த்தார்கள். நல்லதுதான், ஆனால் அவர்கள் பஜ்ஜி வாங்க வரப்போவதில்லை.

புதிய மாதிரி எதையாவது முயல, ரீல்ஸில் 'டிரையல்' என்று ஒன்று இருக்கிறது. நம்மைப் பின்தொடராதவர்களுக்கு முதலில் காட்டிப் பார்க்கலாம், சொதப்பினால் நம் ஆட்களுக்குத் தெரியாது. எனக்குப் பிடித்த வசதி இது. ஃபேஸ்புக்குக்குத் தனி உழைப்பு தேவையில்லை. ரீல்ஸ் போடும்போதே அங்கேயும் போகும்படி வைத்துவிடலாம். பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக்காரப் பெரியவர்கள் அங்கேதான் வந்து உருகுகிறார்கள்.

பாட்டு விஷயத்தில் இரண்டிலும் கண்ணி உண்டு. ரீல்ஸில் பிசினஸ் கணக்கு என்றால் சினிமாப் பாட்டுகள் பலவும் கிடைக்காது. ஷார்ட்ஸில் ஒரு நிமிடத்தைத் தாண்டிய வீடியோவில் அடுத்தவர் பதிப்புரிமை உள்ள பாட்டு சிக்கினால் வீடியோ முடக்கப்படும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் எடுப்பவர்கள், பின்னால் ஒலிபெருக்கியில் என்ன ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு எடுங்கள். அப்புறம், ஒரு செயலியின் முத்திரை விழுந்த வீடியோவை இறக்கி இன்னொன்றில் போடாதீர்கள். அப்படிப்பட்டதைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021லேயே சொல்லிவிட்டது. வெட்டி ஒட்டிய மூலக் கோப்பை கைப்பேசியில் வைத்துக்கொண்டு இரண்டிலும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

பணம்? ஷார்ட்ஸில் விளம்பரப் பங்கு உண்டு, படைப்பாளிக்கு ஒதுக்கும் தொகையில் 45 சதவீதம். அதற்கு 1,000 சந்தாதாரர்களும் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூவும் வேண்டும். சித்தியிடம் சொன்னேன். "ஒரு கோடி பேரு பாக்குறதுக்குள்ள நான் ஒரு கோடி மீனு ஆஞ்சிடுவேன்" என்றார். ரீல்ஸில் கிடைக்கும் காசு பெரும்பாலும் கடைக்காரர்கள் நேரில் கொடுக்கும் விளம்பரக் காசுதான்.

காசு கொடுத்து வியூ வாங்கும் வழியை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. தெரிந்த ஒருவர் வாங்கினார். எண் ஏறியது, கல்லாவில் ஒன்றும் ஏறவில்லை. பொய் வியூ இரண்டு செயலிகளின் விதிக்கும் விரோதம் என்பது வேறு.

நெத்திலி ஷார்ட்ஸுக்குக் கீழே நேற்று ஒரு பெண் கேட்டிருந்தார்: "அக்கா, நகம் வெட்டியிருந்தா எப்படி?" சித்தியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வா, தேங்கா நார வச்சுக் காட்டுறேன்" என்றார்.