உலாவும் நேரத்தை அளக்க: ஹிஸ்டரி கோப்பா, ஆக்டிவிட்டிவாட்சா, சொந்த எக்ஸ்டென்ஷனா?

மதுரை திருநகரில் வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பக்கக் கணக்கில்தான் கூலி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தும் நாலு பக்கம்தான் முடிந்தது என்றால், மிச்ச நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அகராதித் தளத்தில் போயிருந்தால் அதுவும் வேலைதான். செய்தியிலும் கிரிக்கெட் ஸ்கோரிலும் போயிருந்தால் அது என் கூலியில் விழுந்த ஓட்டை. மூன்று வழிகளைப் பார்த்துவிட்டு, கடைசியில் குரோம் பிரவுசருக்கு நானே ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டி ஓடும் துணை நிரல், எழுதிக்கொண்டேன். நாலு மாதமாக ஓடுகிறது.

செலவு, அந்தரங்கம் இரண்டிலும் பேச அதிகம் இல்லை. மூன்றுமே இலவசம், மூன்றிலும் தகவல் நம் கணினியிலேயே இருக்கும். சந்தா வாங்கிக்கொண்டு தகவலைத் தங்கள் சர்வருக்கு எடுத்துப் போகும் சேவைகளை நான் தொடவே இல்லை.

முதல் வழியைச் சொன்னது அக்கா மகன். "ஹிஸ்டரி ஃபைல்லயே எல்லாம் கிடக்கு மாமா, எதுக்குத் தனியா எழுதுறீங்க?" என்றான். கிடப்பது உண்மைதான். நாம் போன பக்கங்களின் வரலாற்றைக் குரோம் ஒரு எஸ்க்யூலைட் கோப்பில் (அட்டவணைகளாகத் தகவலை வைக்கும் தரவுத்தளக் கோப்பு) வைத்திருக்கிறது. பிரவுசர் திறந்திருக்கும்போது அது பூட்டிக்கிடக்கும் என்பதால் நகல் எடுத்துத்தான் படிக்க வேண்டும். நேரத்தை 1601 ஜனவரி 1-இல் இருந்து மைக்ரோ விநாடிகளாக எண்ணி வைத்திருக்கும். அதை மாற்றிக்கொள்வது பைத்தான் நிரல்மொழியில் இரண்டு வரி வேலை. 90 நாளுக்கு மேற்பட்டதைக் குரோம் அழித்துவிடும் என்பதால் அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது, ஒவ்வொரு வருகைக்கும் எதிரே அது எழுதும் கால அளவு. பக்கம் திறந்ததில் இருந்து, அந்த டேப்பில் வேறு பக்கம் போகும்வரை அல்லது டேப்பை மூடும்வரை உள்ள நேரம் அது. பின்னால் திறந்து கிடக்கும் டேப்பும் அதில் சேரும். நான் எப்போதும் பதினைந்து டேப்பைத் திறந்து வைத்திருப்பவன். ஒரு நாள் கூட்டிப் பார்த்தால் 24 மணி நேரத்தைத் தாண்டியது.

அடுத்தது ஆக்டிவிட்டிவாட்ச். கணினியில் நேரம் எங்கே போகிறது என்று குறித்துவைக்கும் திறமூல மென்பொருள். நம் கணினியிலேயே 5600 என்ற போர்ட்டில் (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல் எண்) ஒரு சிறு சர்வராக ஓடும். தளங்களைக் கவனிக்கத் தனியாக ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். கீபோர்டும் மவுசும் மூன்று நிமிடம் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று குறித்துக்கொள்ளும். அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம். நன்றாகச் செய்த கருவி. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எனக்குத் தேவை தளத்தின் பெயரும் நிமிடமும் மட்டுமே. இதுவோ திறக்கும் ஒவ்வொரு ஜன்னலின் தலைப்பையும் சேர்த்துக் குறிக்கிறது. வாடிக்கையாளர் கோப்புகளின் பெயர்கள் இன்னோரிடத்தில் சேர்வதை நான் விரும்பவில்லை. அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தலாம்தான். அதற்குள் சொந்தமாக எழுதும் ஆசை வந்துவிட்டது.

எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: மின்சாரம் போனால் கணக்கு என்ன ஆகும்? எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலை ஒன்பதில் இருந்து மாலை வரை மின்தடை. அறிவிப்பு இல்லாமல் போவது தனி. என் யூபிஎஸ் பேட்டரி பழசு, ஐந்து நிமிடம்கூட நிற்காது. டெஸ்க்டாப் பட்டென்று அணைந்துவிடும்.

நான் எழுதிய முதல் எக்ஸ்டென்ஷன் கழித்தல் கணக்கு போட்டது. ஒரு தளத்துக்குள் போகும்போது மணியைக் குறித்துக்கொண்டு, வெளியே வரும்போது கழித்துப் பார்க்கும். குறித்த மணியை ஒரு மாறியில்தான், அதாவது நிரல் ஓடும்வரை மட்டும் நிற்கும் நினைவில்தான், வைத்திருந்தேன். எக்ஸ்டென்ஷன்களுக்கான மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறை வந்தபின் எக்ஸ்டென்ஷனின் பின்னணி நிரல் எப்போதும் விழித்திருப்பதில்லை. 30 விநாடி வேலை இல்லாவிட்டால் குரோம் அதை நிறுத்திவிடும். மாறியில் இருந்ததும் கூடவே போய்விடும். சரி என்று மணியை, நிரல் நின்றாலும் அழியாத சேமிப்பகத்தில் எழுதி வைத்தேன். அடுத்த மின்தடை நாளில் அகராதித் தளத்தைத் திறந்து வைத்திருந்தபோது கணினி அணைந்தது. பிற்பகலில் கரண்ட் வந்து பிரவுசரைத் திறந்தபோது அகராதிக்கு எதிரே ஐந்தே கால் மணி நேரம் ஏறியிருந்தது. அந்த நேரமெல்லாம் நான் வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன்.

மேலூர் பஸ்ஸில் கண்டக்டரைப் பாருங்கள். மாட்டுத்தாவணியில் கிளம்பி மேலூர் போய்ச் சேர்ந்தபின் மொத்தக் கணக்கையும் எழுதுவதில்லை. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ், அதாவது அதுவரை கொடுத்த டிக்கெட்டின் கணக்கு, போட்டுக்கொண்டே வருவார். ஒத்தக்கடை தாண்டி பஸ் நின்றுபோனாலும் ஒத்தக்கடை வரைக்குமான கணக்கு கையில் இருக்கும். ஆக்டிவிட்டிவாட்ச் செய்வதும் இதுதான்: 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று சிறு இடைவெளியில் துடிப்புகளை அனுப்பி, அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரித் துடிப்புகளை ஒன்றாகச் சேர்க்கும். அந்த யோசனையை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் நிரல் எதையும் கழிப்பதில்லை. 30 விநாடிக்கு ஒரு அலாரம் அடிக்கும். குரோமின் 120-ஆம் பதிப்பில் இருந்துதான் இவ்வளவு குறைந்த இடைவெளி கிடைக்கிறது; முன்பு ஒரு நிமிடம். அலாரம் அடித்ததும் பின்னணி நிரல் விழித்து, எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறது, அதில் எந்த டேப், கடந்த இரண்டு நிமிடத்தில் கை அசைந்ததா என்று பார்க்கும். அசைந்திருந்தால் அந்தத் தளத்தின் கணக்கில் 30 விநாடி கூட்டிச் சேமித்துவிடும். கை அசையாமல் டேப்பில் சத்தம் மட்டும் வந்தாலும் கூட்டும். இல்லாவிட்டால் வீடியோ பார்க்கும் நேரம் விட்டுப்போகும். மின்சாரம் போனால் அதிகபட்ச இழப்பு அந்த 30 விநாடிதான். கணினி தூங்கி எழுந்தாலும் ஒரு அலாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் ஏறாது. மொத்தம் நூற்றைம்பது வரிக்குள்தான் நிரல்.

குறைகள் உண்டு. பத்து விநாடி எட்டிப் பார்த்த தளம் சில நேரம் விட்டுப்போகும், சில நேரம் முழு 30 விநாடியாக ஏறும். நாள் கணக்கில் அது பெரிதாகத் தெரியவில்லை. யூடியூபில் உச்சரிப்பு கேட்கப் போனேனா, பாட்டு கேட்கப் போனேனா என்று அதற்குத் தெரியாது. அதை மாலையில் நானே பிரித்து எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது, அதனால் போன் நேரம் இதில் வராது. போனுக்கு, அதன் செட்டிங்ஸில் இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங் காட்டும் நேரக் கணக்கைத்தான் பார்த்துக்கொள்கிறேன். லேப்டாப்பில் இதை நான் ஓட்டியதில்லை. பேட்டரி எவ்வளவு தின்னும் என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

போன மின்தடை நாளில் அகராதிக்கு எதிரே 41 நிமிடம் இருந்தது. அன்று எட்டே காலுக்கு உட்கார்ந்தேன், ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.