அலாஸ்கா க்ரூஸ் டூர்: 2,385 டாலர் கட்டிவிட்டு ஜூனோ மழையில் நின்றோம்

2,385 டாலர். ஐந்து பேருக்கு, மூன்று துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்க்கிற டூர்களுக்கு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஒரு டூரைக்கூடக் காட்டாமல் விட்டார்கள். இன்று காலையில்தான் சியாட்டிலில் கப்பலை விட்டு இறங்கினோம். பெட்டிகள் ஹாலில் பிரிக்காமல் கிடக்கின்றன. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அலாஸ்கா போகிறவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துக் கூட்டிப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எந்தத் துறைமுகத்தில் எதைப் பார்ப்பது, எப்படித் திட்டமிடுவது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

விற்றவர்களின் பெயரைப் போடப் போவதில்லை. போனது போதும், வக்கீல் நோட்டீஸ் வேறு வாங்க எனக்குத் தெம்பில்லை. என்ன வகை என்று மட்டும் சொல்கிறேன். கப்பல் நிறுவனம் விற்கிற டூர்களையே "பாதி விலையில்" தருவதாகச் சொல்லும் ஒரு முன்பதிவு இணையதளம். சொந்தமாகப் படகு கிடையாது, பஸ் கிடையாது. உள்ளூர் டூர்க்காரர்களுக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற ஆட்கள்.

எங்கள் கப்பல் சியாட்டிலில் கிளம்பி அலாஸ்காவில் ஜூனோ, ஸ்காக்வே, க்ளேசியர் பே, கெட்சிகன் போய்விட்டு, கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுத் திரும்புவது. (அந்த விக்டோரியா நிறுத்தம் சும்மா இல்லை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவிலேயே பயணத்தை முடிக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். 1886ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் இந்தியாவிலிருந்து வருகிற பெற்றோருக்குக் கனடா விசாவும் எடுக்க வேண்டும். இதைக் கப்பல் டிக்கெட் வாங்கும் முன்பே பாருங்கள்.) கப்பலிலேயே விற்கிற டூர்களின் விலையைப் பார்த்ததும் என் கணவர் மடிக்கணினியை மூடிவிட்டார். ஐந்து பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் கப்பல் டிக்கெட்டையே எட்டிப் பிடிக்கும்போல இருந்தது. வெளியில் வாங்குவது ஒன்றும் புதிதில்லை, ஊரே செய்கிறது. நல்ல உள்ளூர் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தத் தளத்தில் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் என் பெயரைக் கேட்டதும் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு, "நீங்க தமிழா அக்கா? நான் மதுரைப் பக்கம்" என்றார். அங்கேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதியை அவருடைய பொறுமை முடித்தது. எந்தக் கப்பல் என்று கேட்டார். ஜூனோவுக்கு எத்தனை மணிக்கு வரும், எந்தத் துறைமேடையில் நிற்கும் என்று அவரே சொன்னார். அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், ஃபோன் தானாக மாறும், ஆனால் நீங்கள் கப்பல் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று எச்சரித்தார். திமிங்கலம் பார்க்கும் படகு கப்பல் நிற்கிற இடத்திலிருந்து கிளம்பாது, ஆக் பே என்ற இடத்துக்கு பஸ்ஸில் கூட்டிப் போவார்கள் என்றார். எல்லாம் சரியான தகவல். அதுதான் வயிற்றெரிச்சல். கப்பல்கள் வருகிற அட்டவணை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது என்பது எனக்கு இப்போது தெரியும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். "கவலையே படாதீங்க அக்கா. பஸ்ல படிக்கட்டுப் பக்கத்து சீட்டு போடச் சொல்றேன். எங்க அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான்" என்றார். எங்க அம்மாவுக்கும்! அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் மேற்கொண்டு எதையும் குடையவில்லை. அப்புறம் பேச்சோடு பேச்சாக, "கார்டுல கட்டினா எங்களுக்குக் கமிஷன் போகும். பேங்க் ஆப்ல இருந்து நேரா அனுப்பிடுங்க, அந்த மிச்சத்தை உங்களுக்கே குறைச்சுடறேன்" என்றார். குறைத்தார். குறைத்த பிறகு 2,385 டாலர். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் வவுச்சர் வந்தது. பார்கோடு, டூர் பெயர், கூடும் இடம், "உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை எழுத்து. அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் "முழங்கால் வலி, முன் இருக்கை" என்றுகூட இருந்தது.

ஜூனோ. ரோப் கார் நிலையத்துக்குப் பக்கத்தில் டூர்க்காரர்கள் பலகை பிடித்து நிற்பார்கள், அங்கே வாருங்கள் என்று வவுச்சரில் போட்டிருந்தது. போனோம். மழை என்றால் குற்றால மழை இல்லை, நின்று நிதானமாக எலும்பில் இறங்குகிற நசநச மழை. கப்பலிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொரு கூட்டமாக ஒவ்வொரு பஸ் அள்ளிக்கொண்டு போனது. எங்கள் பலகை மட்டும் வரவில்லை. கூப்பிட்டேன். "அக்கா, பஸ் வந்துக்கிட்டே இருக்கு, அஞ்சு நிமிஷம்." மறுபடி கூப்பிட்டேன். "டிரைவர் பக்கத்துல வந்துட்டார், அங்கேயே நில்லுங்க." அதற்கப்புறம் வாய்ஸ்மெயில். அதற்கும் அப்புறம் மணியே அடிக்கவில்லை.

வவுச்சரில் பெயர் போட்டிருந்த படகு நிறுவனத்தின் சிறிய கடை அங்கேயே இருந்தது. உள்ளே இருந்த பெண்மணி அன்றைய பயணிகள் பட்டியலை எடுத்து விரல் வைத்துத் தேடினார். கணினியிலும் தேடினார். எங்கள் பெயர் இல்லை. வவுச்சரைப் பார்த்துவிட்டு, இது எங்களுடைய பதிவு எண் மாதிரியே இல்லை, இந்தத் தளத்தோடு எங்களுக்கு வியாபாரமே கிடையாது என்றார். இன்றைக்குப் படகு நிரம்பிவிட்டது, இல்லையென்றால் ஏற்றியிருப்பேன் என்று வருத்தப்பட்டார். யாரோ செய்த திருட்டுக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். பணம் வாங்கியவன் இன்றுவரை கேட்கவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லாமல் நின்றார். அம்மாதான், "ஏம்மா, அந்தப் பையன் நம்ம ஊர்ப் பையன்னு சொன்னியே?" என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

ஜூனோவுக்குச் சாலை வழியாக வெளியிலிருந்து வரவே முடியாது, கப்பல் அல்லது விமானம்தான். ஆனால் ஊருக்குள் டாக்ஸி உண்டு. ஒரு வேன் டாக்ஸி பிடித்து மெண்டன்ஹால் பனியாறு போனோம். கப்பல் நிற்கிற இடத்திலிருந்து 12 மைலுக்குக் கொஞ்சம் மேலே. அங்கே பனியாறு தெரிகிற இடம் வரை தார் போட்ட நடைபாதை இருக்கிறது, அம்மாவால் மெதுவாக நடக்க முடிந்தது. நகெட் அருவி வரை இவரும் என் மகனும் போய் வந்தார்கள். நான் போகவில்லை. ஃபோனில் புகார் எழுதிக்கொண்டிருந்தேன். திமிங்கலம் பார்க்கவில்லை. கோடையில் அந்தக் கடலுக்கு ஹவாயிலிருந்து வருகிற கூனல் முதுகுத் திமிங்கலங்களைப் பற்றி மூன்று மாதமாக வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார் அப்பா.

மறுநாள் ஸ்காக்வே. 1898இல் தொடங்கி 1900இல் முடித்த குறுகிய தண்டவாள ரயில். 20 மைலில் கிட்டத்தட்ட 3,000 அடி ஏறும். தங்கம் தேடிப் போனவர்கள் காலத்து ரயில். அந்தக் கவுண்டரிலும் எங்கள் வவுச்சருக்கு மதிப்பில்லை. மிச்சம் இருந்த இடங்களில் இரண்டை மறுபடி காசு கொடுத்து வாங்கி அப்பா அம்மாவை ஏற்றிவிட்டோம். நாங்கள் மூவரும் ஊரைச் சுற்றினோம். அங்கேதான் சோப்பி ஸ்மித் என்ற ஆளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தங்க வேட்டைக் காலத்தில் அந்த ஊரையே கையில் வைத்திருந்த மோசடிக்காரன். தந்தி ஆபீஸ் ஒன்று திறந்து, வீட்டுக்குத் தந்தி அனுப்பித் தருகிறேன் என்று 5 டாலர் வாங்கினானாம். ஊருக்குத் தந்திக் கம்பியே வந்திருக்கவில்லை. 1898 ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். வழிகாட்டி இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 5 டாலர்தானே வாங்கினான், என்னிடம் 2,385.

தேசியப் பூங்காவான க்ளேசியர் பேயில் பூங்கா ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெல்லத் திரும்பியது. மேல்தளம் முழுக்கக் கூட்டம். நான் காசு கொடுத்து வாங்கிய வைஃபையில், வராத சிக்னலைத் தேடிக்கொண்டு தூணோரமாக நின்றேன். எப்படியோ ஒரு பதில் மின்னஞ்சல் வந்தது. "மோசமான வானிலை காரணமாக ஜூனோ டூர் ரத்தானது. விதிகளின்படி பணம் திருப்பித் தரப்படும்." அப்பாடா என்று மூச்சு விட்டேன். அன்று மாலையே இன்னொன்று. "பயணிகள் குறித்த நேரத்தில் கூடும் இடத்துக்கு வராததால் பணம் திருப்பித் தர இயலாது." ரத்தான டூருக்கு நான் எப்படி ஐயா வராமல் போக முடியும்? இதைக் கேட்டு எழுதினேன். சாட்டில் ஒரு இயந்திரம், "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்றது. அடுத்த முறைக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றும் வந்தது. கூப்பன்!

கெட்சிகனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்பார்க்கவே இல்லை, நடக்கவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம். வவுச்சரில், ஊர் நடுவில் உள்ள துறைமேடை, இறங்கி இரண்டு நிமிட நடை என்று இருந்தது. எங்கள் கப்பல் நின்றது வார்டு கோவ். பழைய காகிதக்கூழ் ஆலை இருந்த இடம், ஊரிலிருந்து 7 மைல் தள்ளி. ஊருக்குப் போகவே ஷட்டில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஆக, அத்தனை விவரம் பேசிய ஆளுக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை. எப்படியும் அந்த இடத்துக்கு யாரும் வரப் போவதில்லையே.

கரைக்கு வந்ததும் வங்கியைக் கூப்பிட்டேன். நீங்களே உள்நுழைந்து, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், இது திருட்டுக் கணக்கில் வராது என்றார் ஒருவர். வேறு பிரிவுக்கு மாற்றினார். அவரும் அதையே சொன்னார், கொஞ்சம் இனிமையாக. அனுப்பப்பட்ட கணக்கு யாருடையது என்று கேட்டால் அது வாடிக்கையாளர் ரகசியமாம். என் பணம் எங்கே போனது என்பது எனக்கே ரகசியம். இணையதளம் இப்போதும் ஜம்மென்று திறக்கிறது, அதே சிரிக்கிற திமிங்கலப் படத்தோடு. அந்தத் தொலைபேசி எண் மட்டும் உபயோகத்தில் இல்லை.

துறைமுகத்துக்குத் துறைமுகம் விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மன்னியுங்கள், இப்போது கை நடுங்குகிறது. அவசரத்துக்குச் சிலது.

கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் கார்டு நிறுவனத்தில் மறுப்புப் பதிவு செய்ய வழி உண்டு. வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பினால் நம் பாடுதான். தள்ளுபடி தருகிறேன், நேரடியாக அனுப்புங்கள் என்று யார் சொன்னாலும் ஃபோனை வைத்துவிடுங்கள், தமிழில் சொன்னால் இன்னும் வேகமாக. வவுச்சர் வந்ததும் அதில் போட்டிருக்கிற படகுக்காரரை அல்லது ரயில்காரரை அவர்களுடைய சொந்த எண்ணில் கூப்பிட்டு, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லும் வரை அது வெறும் காகிதம். முடிந்தால் நடுவில் ஆளே இல்லாமல் அவர்களிடமே வாங்குங்கள். கெட்சிகனில் உங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெளியில் வாங்கும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அதனால் நேரத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஸ்காக்வேயில் கனடா எல்லையைத் தாண்டி இறக்கிவிடுகிற டூர்களும் உண்டு, பாஸ்போர்ட், விசா இரண்டும் கையில் வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் மோசடிப் புகார் பக்கத்தில் பதிந்துவிட்டேன். அலாஸ்கா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் எழுதப் போகிறேன். வங்கியின் மேலதிகாரி நாளை கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். 2,385 டாலரில் ஒரு டாலராவது திரும்பினால் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரித் தளத்தில் வாங்கி, இன்னும் கப்பல் ஏறாமல் இருக்கிறவர்கள் இன்றைக்கே படகுக்காரருக்கு ஃபோன் போடுங்கள்.