ஆறாம் வகுப்புக்கு எங்கே: அரசுப் பள்ளியா, எய்டட் பள்ளியா?

சின்ன டவுனில் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்ததும் வீட்டுக்கு வீடு இந்தப் பஞ்சாயத்துதான். எய்டட், அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி, பக்கம் பேசுகிறவர்கள் உடனே ரிசல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். 2025 பிளஸ் டூவில் அரசுப் பள்ளிகள் 91.94 சதவீதம், அரசு உதவி பெறும் பள்ளிகள் 95.71. சரி, மறுக்கவில்லை. ஆனால் வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளையும் கடைசியில் அரசுப் பள்ளிக்குத்தான் வந்து சேரும் என்பதால், அந்த மூன்றே முக்கால் சதவீதத்தில் எவ்வளவு வாத்தியார் உழைப்பு, எவ்வளவு அட்மிஷன் வடிகட்டல் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

பணக்கதை வேறு. எய்டட்டில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசே சம்பளம் போடுகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பாடு. நிர்வாகத்திடம் காசு இருந்தால் பள்ளி பளபளக்கும், இல்லாவிட்டால் ஓடு ஒழுகும். ஆங்கில வழி கேட்டீர்கள் என்றால் பல இடங்களில் அது சுயநிதிப் பிரிவு: அதே வளாகம்தான், ஃபீஸ் தனி.

அரசுப் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா என்ற மத்திய, மாநில கூட்டுக் கல்வித் திட்டத்தின் மானியம் தலையை எண்ணி வருகிறது. 101 முதல் 250 மாணவர் வரை ஆண்டுக்கு 50,000 ரூபாய், 251 முதல் 1000 வரை 75,000. அதாவது 260 பேர் பள்ளிக்கும் 990 பேர் பள்ளிக்கும் ஒரே தொகை. கழிப்பறை சுத்தம், குடிநீர், சாக்பீஸ் எல்லாம் இதற்குள். பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேர மறுத்த தகராறில் மத்திய அரசு 2024-25க்கான 2,152 கோடியை நிறுத்தி வைத்ததும் இதே சமக்ர சிக்ஷா கணக்கில்தான்.

இவ்வளவு இருந்தும் என் ஓட்டு அரசுப் பள்ளிக்கு. காரணம் கல்லூரி இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் நீண்டது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், எய்டட் சேராது. ஏழாவதில் எய்டட்டுக்குப் போய் ஒன்பதாவதில் திரும்பி வந்தாலும் போச்சு. கல்லூரிக்குப் போனபின் அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை மட்டும் இப்போது எய்டட்டில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

ஒரே ஒரு இடத்தில் மாற்றிச் சொல்வேன். சேர்க்கும் முன்பு ஹெச்.எம்.மைப் பார்த்து, பிளஸ் ஒன்னுக்குக் கணிதமும் இயற்பியலும் எடுப்பவர் நிரந்தர முதுகலை ஆசிரியரா, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) சம்பளத்தில் வந்து போகிறவரா, இல்லை பணியிடமே காலியா என்று கேளுங்கள். வருஷக்கணக்காகக் காலி என்றால் எய்டட்டிலேயே போடுங்கள்.