பழைய டிரெய்லருக்கு அலங்காரப் பட்டை செய்ய பீட் ரோலர் வாங்கலாமா?

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற பயண டிரெய்லர் ஒன்றைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். 1960-களில் செய்த வண்டி. ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஓடும் வரிவரியான அலுமினியப் பட்டைதான் அதன் அழகே. அதில் பாதி நசுங்கிவிட்டது, மீதி அரித்துவிட்டது. சாஸ்தா (Shasta) என்ற அமெரிக்க டிரெய்லர் போன்ற பெயர்பெற்ற வண்டி என்றால், அதன் பின்பக்கத்தில் அலங்காரத்துக்கு இருக்கும் உலோகச் சிறகுகளைக்கூடப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சிறிய நிறுவனங்கள் செய்த வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. நாமே செய்தால்தான் உண்டு. அதற்காகத்தான், தகட்டில் வரிவரியாகப் புடைப்பு போடும் இந்த பீட் ரோலரை வாங்கினேன்.

கையால் சுற்றும் வகை. இரண்டு தண்டுகள் பல்சக்கரத்தால் இணைந்து எதிரெதிராகச் சுழலும். முனையில் டைகளை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் எஃகு உருளைகளை மாட்டி, நடுவில் தகட்டைக் கொடுத்துச் சுற்றினால் நேரான புடைப்பு விழும். தகடு உள்ளே போகக்கூடிய ஆழம் 18 அங்குலம். 18 கேஜ் (சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன்) இரும்புத் தகடு வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். டிரெய்லர் பட்டைக்கு 0.8 மில்லிமீட்டர் அலுமினியமே போதும் என்பதால் திறன் பற்றிக் கவலை இல்லை.

குறை இயந்திரத்தின் சட்டத்தில் (ஃபிரேமில்) இருக்கிறது. மேல் திருகை இறுக்கிச் சுற்றினால் சட்டம் வாய் பிளக்கிறது. டைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் விலகுகின்றன, புடைப்பு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் வருகிறது. குறைந்த விலையில் வரும் பீட் ரோலர்களில் இது பரவலான குறை. சட்டத்தின் முதுகில் கனமான சதுரக் குழாய் ஒன்றை வெல்டிங் செய்த பிறகுதான் என் இயந்திரம் அடங்கியது. வெல்டிங் வசதி இல்லாதவர்கள், தடித்த சட்டம் உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது நல்லது.

இரண்டாவது விஷயம் டைகளின் விளிம்பு. கடினமான எஃகில் கூராகக் கடைந்து அனுப்புகிறார்கள். இரும்புத் தகட்டில் தெரியாது. மிருதுவான அலுமினியத்தில், புடைப்பின் இரு ஓரங்களிலும் கீறல் மாதிரி கோடு விழும், பாலிஷ் போட்டாலும் அது போகாது. டையைத் தண்டில் மாட்டிச் சுழலவிட்டு, எமரித் தாளால் விளிம்பை மழுக்கி, கடைசியில் கண்ணாடி மாதிரி தேய்த்துவிடுங்கள். தகட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தையும் உரிக்க வேண்டாம். கோடு போடவும் அதுவே வசதி.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு கிடைக்கும் பட்டையைப் பார்த்து மனம் நிறைந்துபோனது. 3003 ரக அலுமினியம், அரைக் கடினமான எச்14 நிலை. பழைய பட்டையின் நல்ல துண்டு ஒன்றிலிருந்து அட்டையில் அச்சு வெட்டிக்கொண்டு, புடைப்பின் உயரத்தை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனேன். ஒரே சுற்றில் முழு ஆழத்தையும் எடுக்கக் கூடாது. லேசாக ஒரு முறை, கொஞ்சம் இறுக்கி மறுமுறை, அப்புறம் இன்னொரு முறை. நடு வரியை முதலில் போட்டு, இரு பக்கமும் வெளியே நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் தகட்டை உள்ளே இழுத்துக்கொள்வதால் அகலம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை உதிரித் துண்டில் குறுக்கே 100 மில்லிமீட்டர் கோடு போட்டு, உருட்டிய பின் அளந்து தெரிந்துகொள்ளலாம். தகட்டை அகலமாகவே வைத்திருந்து கடைசியில் ஓரங்களை வெட்டுவதுதான் பாதுகாப்பான வழி.

முனையிலிருந்து முனை வரை ஓடும் வரிகள் சமமாக வருகின்றன. தகட்டின் நடுவிலேயே தொடங்கி நடுவிலேயே முடியும் வரிகளில்தான் தொல்லை. முடியும் இடத்தில் உலோகம் நீண்டு கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் தகடு முறுக்கிக்கொள்ளும். அந்த மாதிரி வடிவத்துக்கு, கடினமான மரத்தில் அச்சு செதுக்கி, தகட்டை இறுக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டி எடுப்பதே மேல். பீட் ரோலரிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். டிரெய்லரின் வளைந்த மூலைகளைச் சுற்றிப் போகும் எல் வடிவப் பட்டைக்கும் இது உதவாது. அதற்கு உலோகத்தைச் சுருக்கவும் நீட்டவும் தனிக் கருவி இருக்கிறது, ஒரு ஜோடியாக விற்பார்கள்.

கைப்பிடியைச் சுற்ற இன்னொருவர் கட்டாயம் வேண்டும். நீளமான தகட்டை இரு கையாலும் பிடித்துக் கோட்டோடு செலுத்துவதே முழுநேர வேலை. எனக்கு என் மகள்தான் சுற்றினாள். "அப்பா, கோட்டை விட்டு விலகுது" என்று என்னைவிட முன்னால் அவள்தான் கண்டுபிடிப்பாள். பக்கவாட்டில் நகர்த்தி வைக்கும் ஒரு தடுப்புக் கட்டை இயந்திரத்தோடு வந்திருந்தால் இந்தச் சிரமம் பாதியாகியிருக்கும். அது வராதது பெரிய குறை. இரும்புக் கோணம் ஒன்றை நானே பொருத்திக்கொண்டேன்.

பளபளப்பைப் பற்றியும் ஒன்று. அந்தக் காலப் பட்டைகள் பலவற்றில், மின்வேதி முறையில் உலோகத்தின் மேல் உண்டாக்கும் அனோடைஸ் என்ற பாதுகாப்புப் பூச்சு இருக்கும். புதுத் தகட்டை எவ்வளவு பாலிஷ் செய்தாலும் பக்கத்திலுள்ள பழைய பட்டையோடு நிறம் ஒத்துப்போகாது, பூச்சு இல்லாததால் சீக்கிரம் மங்கவும் செய்யும். எனவே ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பொருத்தும்போது சாதாரண இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். ஈரம் பட்டால் இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும், பட்டைக்குப் பின்னால் பியூட்டைல் டேப்பும் (ஒட்டும் ரப்பர் நாடா) போடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காது, பின்னால் கழற்ற வேண்டி வந்தாலும் சிலிக்கான் மாதிரி பிடித்துக்கொண்டு அடம்பிடிக்காது.

ஒரே ஒரு சிறு துண்டுதான் தேவை என்றால் தகட்டு வேலை செய்பவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைச் சுற்றிலும் பட்டை மாற்றப் போகிறவர்களுக்கு, சட்டத்தைப் பலப்படுத்தத் தயாராக இருந்தால், இந்த பீட் ரோலரைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். கூட வரும் டைகளில் அரைவட்டப் புடைப்புக்கும், தகட்டைப் படிக்கட்டு மாதிரி ஒரு மட்டம் இறக்குவதற்கும் உள்ளவை எனக்கு நன்றாகப் பயன்பட்டன. தகடு வெட்டும் டை மட்டும் விளிம்பைச் சுருட்டிவிடுகிறது. வெட்டுவதற்கு நல்ல கத்தரியே போதும்.