கையடக்க பேட்டரி டெஸ்டர்: ஊட்டிக் குளிருக்கு உதவுமா?

மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரிகூட ஊட்டியின் டிசம்பர் காலையில் 'டக்' என்று நின்றுவிடும். சமவெளி வெயில் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளை அரித்திருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது குளிர். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, ஸ்டார்ட்டர் அதிக கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் மட்டும் பார்த்து ஏமாறும் இந்த இடத்தில்தான், பேட்டரிக்குள் கரண்ட் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளக்கும் கையடக்க கண்டக்டன்ஸ் டெஸ்டர் காசுக்குப் பழுதில்லை.

ஆனால் அது சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வண்டி ஓடி நின்ற கையோடு சோதித்தால் மேற்பரப்பு சார்ஜ் (தகடுகளின் மேலே மட்டும் தற்காலிகமாக நிற்கும் சார்ஜ்) பொய் சொல்லும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரித்து அணைத்து, சற்று விட்டுச் சோதியுங்கள். கிளிப்பை போல்ட்டில் அல்ல, பேட்டரி டெர்மினலின் ஈயத் தூணில் மாட்டுங்கள். வெள்ளை பூத்திருந்தால் முதலில் சுரண்டுங்கள். ஏஜிஎம்மா (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை), சாதா பேட்டரியா என்பதையும், லேபிளில் உள்ள சிசிஏ எண்ணையும் (குளிரில் ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய கரண்ட்) டெஸ்டரில் சரியாகக் கொடுக்க வேண்டும். இதில் தவறினால் நல்ல பேட்டரியையும் 'மாற்று' என்று சொல்லும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முழு சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள்.

எனக்குப் பிடித்தது, ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போது வோல்டேஜைப் பார்க்கும் கிராங்கிங் சோதனைதான். சாவி திருப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் சந்தேகம், உறைகுளிரில் 9.1 வரை பொறுக்கலாம். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், பேட்டரியைப் பழிக்காதீர்கள்.

இரவில் சார்ஜைக் குடிக்கும் கசிவை இது கண்டுபிடிக்காது. அதற்கு மல்டிமீட்டரே கதி: வண்டியை அணைத்து, அதன் மின்கருவிகள் எல்லாம் தூங்கிய பின்னும் இழுக்கும் கரண்ட் 50 மில்லிஆம்பியரைத் தாண்டினால், எது குடிக்கிறது என்று அறிய ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.