ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர்: பள்ளிக்கரணைக்குத் தேவை, ஸ்ரீரங்கத்துக்கு ஓவர்ரேட்டட்

சமையலறைச் சுவரில் மாட்டும் சாதாரண வீட்டு ஆர்.ஓ. மெஷின்தான்; மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி, கரைந்த உப்பைப் பிரித்துவிடும். சென்னைப் பள்ளிக்கரணையில் குடியிருந்தபோது வாங்கினோம். அங்கே போர் தண்ணீர். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மீட்டரை விட்டால் லிட்டருக்கு 1400 மில்லிகிராமுக்குக் குறையாது. பருப்பு வேகாது, கழுவி வைத்த டம்ளரில் வெள்ளை படியும், டீயில்கூட உப்பு தெரியும். மெஷின் வந்தபின் அதே தண்ணீர் 90-க்கு இறங்கியது. அந்த வீட்டில் நாங்கள் வாங்கிய பொருள்களிலேயே உருப்படியானது இதுதான். அப்படிப்பட்ட தண்ணீர் வரும் வீடுகளும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஃபுளோரைடு உள்ள ஊர்களும் தாராளமாக வாங்கலாம்.

அப்புறம் ஸ்ரீரங்கம் வந்தோம், மெஷினும் கூடவே வந்தது. இங்கே மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்றுப்படுகைக் கிணறுகளில் எடுக்கும் தண்ணீர். மீட்டர் 300-ஐ ஒட்டித்தான் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, 500 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. ஏற்கெனவே நன்றாக இருக்கும் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடுங்கிவிட்டு, சப்பென்று குடிப்பதில் என்ன லாபம்? குடம் ஒன்று நிரம்புவதற்குள் இரண்டு மூன்று குடம் கழிவுக் குழாயில் போகிறது. சிங்குக்கு அடியில் பக்கெட் வைத்துப் பிடித்துப் பாருங்கள், வயிறு எரியும். 500-க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது சும்மா இல்லை.

பிறகு ஏன் தெருவுக்குத் தெரு விற்கிறது? எதிர்வீட்டு அக்கா வீட்டில் பார்த்தேன். விற்க வந்த தம்பி இரண்டு கிளாஸ் வைத்தார்: ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, மேலே சேறு மாதிரி மிதந்தது. “பாருங்க மேடம், இதைத்தான் தினமும் பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்க” என்றார். அக்கா முகம் வெளுத்துவிட்டது.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியிலுள்ள இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு அது. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, மின்சாரமும் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். “தம்பி, அந்த நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டுங்க” என்றேன். தயங்கித்தான் செய்தார். அதுவும் பழுப்பானது. அக்கா அப்படியும் வாங்கினார். “இருந்தா நல்லதுதானேம்மா?”

ஓவர்ரேட்டட் என்றதும் மோசமான மெஷின் என்று நான் சொல்வதாகச் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். அப்படியில்லை. மெஷின் நல்லது, இருக்கிற தகுதிக்கு மேலே அதைத் தூக்கி வைத்திருக்கிறோம். டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். கரைந்த உப்புகள் தோராயமாக எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும். கிருமி இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 40 காட்டும் தண்ணீரிலும் காலரா இருக்கலாம். குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மெஷினின் டேங்கையே கழுவாமல் விட்டிருக்கும் வீடுகள் எத்தனை!

சர்வீஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்ற வருகிறவர்கள், நல்ல நிலையில் இருக்கும் மெம்பிரேனையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். முன்னும் பின்னும் மீட்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் உங்கள் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், கட்டணம் கட்டினால் பரிசோதித்துத் தருவார்கள். 500-க்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் தொல்லையும் இல்லையென்றால் கார்பன் ஃபில்டரும் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கும் உள்ள மெஷினே போதும். இல்லையா, கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் குடிக்கிறோம். ஆர்.ஓ. மெஷினைக் கழற்றி, போர் தண்ணீரோடு போராடும் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.