பிள்ளையின் தோள்வலிக்கு ‘பேக்கேஜ்’ பணம் கட்டச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

டென்னிஸ், பேட்மின்டன், நீச்சல், கிரிக்கெட், வாலிபால் என்று கையைத் தலைக்கு மேல் வீசி ஆடும் விளையாட்டில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தோள் வலிக்கிறது என்று போனால், பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பல நாள் சிகிச்சையை மொத்தமாகச் சேர்த்த பேக்கேஜுக்குப் பணம் கேட்கும் ஃபிஸியோதெரபி மையங்கள் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் மாட்டி என் மகன் ஒரு சீசன் முழுவதையும் இழந்தான்.

அவனுக்கு 13 வயது. டென்னிஸ் ஆடுகிறான். வலது தோளில், மேல்கை ஆரம்பிக்கும் இடத்தில் வலி. முதலில் ஆட்டம் முடிந்த பிறகு வலித்தது, அப்புறம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் வலிக்க ஆரம்பித்தது. மையத்தில் இருந்த தெரபிஸ்ட், “ரொட்டேட்டர் கஃப் வீக்கம், பிளேயர்களுக்கு வருவதுதான்” என்று, அதாவது தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாண்களில் வீக்கம் என்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. இடது தோளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறான், எந்த ஷாட்டில் வலிக்கிறது, சமீபத்தில் மளமளவென்று வளர்ந்தானா, எதையும் கேட்கவில்லை. பேக்கேஜ் தொகையை முழுதாக முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு எப்போது போனாலும் ஒரே சடங்குதான். தோளில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் அல்ல, ஒலியலையால் தரும் சிகிச்சை). பிறகு நான்கு பட்டைகளை ஒட்டி ஐ.எஃப்.டி. எனப்படும் மெல்லிய மின்சார சிகிச்சை. திரையை இழுத்துவிட்டு தெரபிஸ்ட் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். மணி அடித்ததும் உதவியாளர் வந்து பட்டைகளைப் பிரிப்பார். கிளம்பும்போது நீல நிற டேப். பயிற்சி எதுவும் கிடையாதா என்று கேட்டால், “அதெல்லாம் கடைசியில் சார்.” ஆடலாமா என்று கேட்டால், “தாராளமா ஆடட்டும், டேப் போட்டிருக்கோமே.”

இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்த கரண்ட் வலியைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். வலி குறைந்த தெம்பில் பையன் இன்னும் வேகமாக சர்வீஸ் போட்டான். பிறகு தலைவாரக்கூடக் கையைத் தூக்க முடியாத நிலை வந்தது. அதைச் சொன்னபோது அவர்கள் தந்த பதில், பேக்கேஜை நீட்டிக்கலாம் என்பது.

வேறொரு ஃபிஸியோதெரபிஸ்டிடம் போனோம். அவர் மெஷின் பக்கமே போகவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகுப் பக்கம் நின்று, இரண்டு கைகளையும் மெதுவாக ஏற்றி இறக்கச் சொன்னார். வலது தோள்பட்டை எலும்பின் ஓரம் முதுகிலிருந்து விலகித் துருத்திக்கொண்டு வந்ததை எனக்கும் காட்டினார். பிறகு படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, கை உள்பக்கமும் வெளிப்பக்கமும் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டு தோளிலும் அளந்தார். கடைசியாக மேல்கை எலும்பின் மேல்முனையை விரலால் அழுத்தினார். பையன் துள்ளிவிட்டான். உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார். இரண்டு தோளுக்கும் எடுத்த எக்ஸ்ரேயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வலதுபக்க வளர்ச்சித்தட்டின் இடைவெளி இடதுபக்கத்தைவிட அகலமாக இருந்தது. அந்தத் தட்டுதான் காயப்பட்டிருந்தது.

மேல்கை எலும்பின் மேல்முனையில் இருக்கும் அந்தக் குருத்தெலும்புத் தட்டில்தான் அந்த எலும்பின் நீளவளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் நடக்கிறது. அது பதின்பருவத்தின் கடைசியில்தான் எலும்பாக இறுகும். அதுவரை வேகமாக வீசும் ஒவ்வொரு வீச்சிலும் முறுக்குவிசை அங்கேதான் போய் விழுகிறது. பேஸ்பால் வீசும் சிறுவர்களிடம் இந்தக் காயம் 1953-லேயே பதிவாகியிருக்கிறது. ‘லிட்டில் லீக் ஷோல்டர்’ என்ற பெயரும் ‘லிட்டில் லீக்’ என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பிலிருந்து வந்ததுதான். டென்னிஸ், பேட்மின்டன் ஆடும் பிள்ளைகளுக்கும் வருகிறது. இதற்கு முதல் மருந்து, வீச்சை நிறுத்துவது. பெரும்பாலும் மூன்று மாதம் போல ஓய்வு கொடுத்தால் தானாகக் கூடிவிடும். வளர்ச்சித்தட்டு மூடாத இடத்தின்மேல் அல்ட்ராசவுண்ட் வைப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பதும் அந்தத் துறையின் அடிப்படைப் பாடம். என் மகனுக்கு வைத்தவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதே மையத்தில் இன்னொன்றையும் பார்த்தேன், நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. நீச்சல் பயிலும் ஒரு சிறுமியின் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்து ‘ஸ்ட்ரெட்ச்’ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீச்சல் பிள்ளைகள் பலருக்குத் தோள்மூட்டு ஏற்கெனவே தளர்வாகத்தான் இருக்கும். அதை மேலும் இழுத்தால் மூட்டின் முன்பக்கம் இன்னும் தளரும். அவர்களுக்கு வேண்டியது மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகளின் பலம்.

மெஷினே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலியைத் தணிக்க ஓரளவு உதவலாம். ஆனால் சிகிச்சை மொத்தமும் அதுவாகவே இருந்தால் நீங்கள் ஏமாற்றப்படுகிறீர்கள். புதிய ஃபிஸியோ, மருத்துவரோடு பேசி, முதலில் சர்வீஸையும் ஸ்மாஷையும் நிறுத்தினார். அந்த நாட்களில் கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்குப் பயிற்சி. வலி போனபிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒருக்களித்துப் படுத்துக் கையை வெளிப்பக்கம் திருப்புவது, ரப்பர் பேண்டு இழுப்பது என்று படிப்படியாக ஏற்றினார். கோர்ட்டுக்குத் திரும்பியதும் முதலில் கிரவுண்ட் ஸ்ட்ரோக் (பந்து தரையில் பட்டு எழும்பிய பிறகு அடிப்பது) மட்டும், பிறகு வாலி (தரையில் படுமுன் அடிப்பது). எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சர்வீஸ், அதுவும் பாதி வேகத்தில், எண்ணி எண்ணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. பயிற்சி நேரத்துக்கு விளையாட்டு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கையும் சொன்னார்: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வலிக்கு ஊசி போட்டு ஆடவைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீக்கம், கை மரத்துப்போவது, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் ஃபிஸியோவுக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், முதல் நாள் செய்த பரிசோதனையின் குறிப்பை எழுத்துமூலமாகக் கேளுங்கள். எத்தனை டிகிரி கை திரும்பியது, எந்தத் தசை பலவீனம், இலக்கு என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நான் கேட்டபோது பல நாள் இழுத்தடித்துவிட்டு ஒரே ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் தேதிகளும் கையெழுத்துகளும், ஒவ்வொரு வரியிலும் ‘அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி., டேப்’ என்பதும்தான் இருந்தன. மீதிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அந்தத் தாளையும் இரண்டு எக்ஸ்ரேக்களையும் சேர்த்து இப்போது நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.